உத்தகாவா குனியோஷி

உத்தகாவா குனியோஷி (ஜனவரி 1, 1798 – ஏப்ரல் 14, 1861) ஜப்பான் நாட்டைச் சேர்ந்த ஓவியரும் மரக்கட்டை அச்சு ஓவியக் கலைஞரும் ஆவார். உக்கியோ-இ எனப்படும் ஜப்பானிய அச்சு ஓவிய மரபின் கடைசிப் பெரும் கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். போர்வீரர்கள், பேய்கள், பெருமீன்கள், பூனைகள், நிலக்காட்சிகள், அங்கதப் படங்கள் எனப் பலவகைப் பொருள்களை இவர் வரைந்துள்ளார். இவற்றுள் 1827ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கிய சுய்கோடென் வீரர் வரிசை, ஜப்பானின் பச்சைக்குத்துக் கலையின் போக்கையே மாற்றி அமைத்தது. இவர் ஊசி பிடித்துப் பச்சை குத்தியவராக அல்லாமல், தாளில் வரைந்தவராகவே அறியப்படுகிறார். எனினும் இவர் தாளில் வரைந்த உருவங்கள் எடோ நகர உழைப்பாளிகளின் முதுகிலும் தோளிலும் ஏறின. இன்றும் உலகெங்கும் ஜப்பானியப் பாணியில் பச்சை குத்துவோர் இவரது படங்களை மூலமாகக் கொள்கின்றனர்.

பெயர்

ஜப்பானியப் பெயர்களில் குடும்பப் பெயரோ குழுப் பெயரோ முதலில் வரும். இங்கு உத்தகாவா என்பது பிறந்த குடும்பத்தின் பெயர் அன்று. இவர் பயின்ற ஓவியக் குழுவின் பெயராகும். ஆசிரியரின் பெயரிலிருந்து ஓர் அசையை மாணவருக்கு வழங்குவது அக்குழுவின் வழக்கம். ஆசிரியர் தொயோகுனியின் பெயரிலுள்ள குனி என்னும் பகுதியே குனியோஷி என்னும் பெயரின் முற்பகுதி ஆயிற்று. பின்னர் இவரது மாணவர்கள் யோஷி என்னும் பிற்பகுதியைப் பெற்று யோஷிதோஷி, யோஷிஇக்கு, யோஷித்சுயா எனப் பெயர் பூண்டனர். இதனால் ஓர் ஓவியரின் பெயரைக் கொண்டே அவரது ஆசிரியர் பரம்பரையைப் பெரும்பாலும் கண்டறிய இயலும். இவர் தமது படங்களில் இச்சியூசாய் என்னும் புனைபெயரையும் சேர்த்துக் கையொப்பமிட்டார்.

இளமைக் காலம்

குனியோஷி எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பட்டுச் சாயத் தொழில் செய்துவந்த யனகியா கிச்சியெமொன் என்பவரின் மகனாகப் பிறந்தார். அக்கால ஜப்பானிய நாட்காட்டியின்படி இவர் பிறந்தது கன்செய் 9ஆம் ஆண்டின் 11ஆம் மாதம் ஆகும். அவ்வாண்டின் பெரும்பகுதி 1797இல் அடங்குவதால் சில நூல்களில் இவரது பிறந்த ஆண்டு 1797 எனவும் காணப்படுகிறது.

சிறுவயதில் தந்தையின் தொழிலில் துணிகளுக்கான கோலங்களை வரைவதில் இவர் உதவியதாகத் தெரிகிறது. பிற்காலத்தில் இவரது படங்களில் காணப்படும் ஆடைக் கோலங்களின் நுணுக்கத்துக்கும் துணிவான வண்ணச் சேர்க்கைக்கும் இப்பயிற்சியே அடிப்படை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 7 அல்லது 8 வயதிலேயே போர்வீரர் படங்கள் கொண்ட நூல்களைப் பார்த்து வரைந்து பழகினார். 12 வயதில் இவர் வரைந்த, பேய்களை ஒடுக்கும் ஷோக்கி என்னும் தெய்வத்தின் படம் அக்காலப் புகழ்பெற்ற ஓவியர் உத்தகாவா தொயோகுனியின் (1769–1825) கவனத்தை ஈர்த்ததாகக் கூறப்படுகிறது. 1811இல் இவர் தொயோகுனியின் மாணவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

வறுமைக் காலம்

1814ஆம் ஆண்டளவில் குனியோஷி என்னும் பெயரைப் பெற்றுத் தனித்துத் தொழில் செய்யத் தொடங்கினார். அவ்வாண்டே இவர் படம் வரைந்த முதல் கதைநூல் வெளிவந்தது. எனினும் அடுத்த பத்தாண்டுகளுக்கு மேலாக இவருக்குப் போதிய வேலை கிடைக்கவில்லை. 1818ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்த சில முத்தாள் போர்க்காட்சிகள் ஓரளவு கவனம் பெற்றன. ஆனால் அவை தொடர்ந்த வருவாயைத் தரவில்லை.

இதற்கான காரணத்தை அறிய அக்கால அச்சுத் தொழிலின் அமைப்பை அறிதல் வேண்டும். ஓவியர் தாமே அச்சிட்டு விற்க இயலாது. பதிப்பாளரே பொருள்பற்றி முடிவெடுத்து, பணம் போட்டு, ஓவியர், கட்டை செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகிய மூவரையும் அமர்த்துவார். நாடக நடிகர்களின் படங்களும் அழகிய பெண்களின் படங்களும் உறுதியாக விற்றன. அவற்றில் தொயோகுனியின் மூத்த மாணவரான குனிசதா (1786–1865) சந்தையைத் தம் பிடியில் வைத்திருந்தார். நடிகர்களின் முகச்சாயலை வரைவதில் குனியோஷி அவருக்கு ஈடாக விளங்கவில்லை. பதிப்பாளர்கள் இவரை நாடவும் இல்லை.

இக்காலத்தில் இவர் பழைய தத்தாமி பாய்களைச் செப்பனிட்டு விற்று வயிறு வளர்த்ததாகக் கூறப்படுகிறது. செல்வச் செழிப்புடன் சென்ற குனிசதாவை ஒருநாள் வழியில் கண்டதாகவும், அதன் பின்னரே தம் கலையில் முழு மூச்சுடன் இறங்கியதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

சுய்கோடென் வரிசை

நீர்க்கரை எனப் பொருள்படும் ஷுய்ஹு என்னும் சீனப் புதினம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. ஊழல் மிகுந்த அதிகாரிகளால் துன்புற்று, லியாங்ஷான் சதுப்பு நிலத்தில் ஒன்று கூடிய 108 வீரர்களின் கதை அது. ஜப்பானிய மொழியில் அது சுய்கோடென் எனப்படும். எழுத்தாளர் பாக்கின் எழுதி, ஓவியர் ஹொக்குசாய் படம் வரைந்த ஜப்பானியப் பதிப்பு 1805 முதல் வெளிவரத் தொடங்கியதும் இக்கதை எடோ நகர மக்களிடையே மிகவும் பரவியது.

1827ஆம் ஆண்டளவில் பதிப்பாளர் ககயா கிச்சியெமொன், இவ்வீரர்களைத் தாளுக்கு ஒருவராக வரையும் பணியைக் குனியோஷியிடம் ஒப்படைத்தார். அதுவரை போர்வீரர் படங்கள் பெரும்பாலும் கதைநூல்களுக்குள் கறுப்பு வண்ணத்தில் அடங்கிக் கிடந்தன. குனியோஷி அவற்றை வெளியே எடுத்து, ஏறத்தாழ 38 செ.மீ. உயரமும் 26 செ.மீ. அகலமும் கொண்ட தனித்தாளில், பல வண்ணங்களில், தாள் முழுவதையும் நிறைக்கும் ஒரே உருவமாக வரைந்தார். முறுக்கேறிய தசைகள், பறக்கும் ஆடைகள், எதிரியை அழுத்திப் பிடிக்கும் கணம் எனப் படங்கள் அசைவு நிறைந்திருந்தன. வரிசை பெரும் வெற்றி பெற்றது. 108 வீரர்களும் முழுமையாக வரையப்படவில்லை எனினும், 70க்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. இதன் பின்னர் மக்கள் இவரைப் போர்வீரர் படக் குனியோஷி என்றே அழைத்தனர்.

மூலப் புதினத்தில் பச்சை குத்திய வீரர்கள் மிகச் சிலரே. ஒன்பது நாகங்களை உடலில் குத்திக்கொண்ட ஷி ஜின் (ஜப்பானிய வழக்கில் ஷிஷின்), மலர்களைக் குத்திக்கொண்ட துறவி லூ ஷிஷென் (ரோச்சிஷின்), யான் சிங் (என்செய்) ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். குனியோஷி இந்த எண்ணிக்கையைப் பெருக்கினார். புதினத்தில் பச்சைக்குத்து இல்லாத வீரர்கள் சிலருக்கும் அதனை வரைந்தார். நாகம், சிங்கம், பியோனி மலர், அலைகள், தீச்சுடர் ஆகியவை தனித்தனிச் சின்னங்களாக நில்லாமல், முதுகிலிருந்து தோள், மேற்கை, தொடைவரை தொடர்ந்து ஓடும் ஒரே ஓவியமாக அமைந்தன. உடலின் வளைவுக்கு ஏற்ப உருவம் வளைவதும், இடைவெளிகளை அலையும் மேகமும் நிரப்புவதும் இப்படங்களின் சிறப்பியல்புகள். உடல் முழுவதையும் ஒரே பரப்பாகக் கொள்ளும் இன்றைய ஜப்பானியப் பச்சைக்குத்து முறைக்கு இதுவே முன்மாதிரி ஆயிற்று.

பச்சைக்குத்துக் கலையுடன் உள்ள தொடர்பு

ஜப்பானில் பச்சை குத்துதலுக்கு இருவேறு முகங்கள் இருந்தன. ஒன்று தண்டனை. 1720ஆம் ஆண்டளவில் ஷோகன் யோஷிமுனேயின் ஆட்சியில், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்கு மாற்றாக, குற்றவாளியின் கையில் கோடுகளைக் குத்தும் முறை கொண்டுவரப்பட்டது. கோட்டின் வடிவம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. மற்றொன்று விருப்பத்தின்பேரில் குத்திக்கொள்ளும் அலங்காரம். முன்னதை இரெசுமி (மை செலுத்துதல்) என்றும், பின்னதை ஹொரிமோனோ (செதுக்கப்பட்டது) என்றும் வழங்கினர்.

சுய்கோடென் படங்கள் வெளிவந்த பின்னர் இரண்டாம் வகை நகரெங்கும் பரவியது. தீயணைப்பாளர்கள், பல்லக்குத் தூக்கிகள், கட்டடச் சாரம் கட்டுவோர், கடிதம் சுமந்து ஓடுவோர் ஆகியோர் இதனை விரும்பினர். இவர்கள் வெயிலிலும் ஓட்டத்திலும் மேலாடை களைந்து உழைத்தவர்கள். வெற்றுடலே இவர்களின் சீருடை. அதில் குத்திய ஓவியமே ஆடை. மரவீடுகள் நெருங்கிய எடோவில் தீ விபத்துகள் அடிக்கடி நிகழ்ந்தன. நாகம் நீருக்குரிய விலங்கு என்பது கிழக்காசிய நம்பிக்கை. எனவே நாகத்தை முதுகில் சுமப்பது தீயினின்று காக்கும் எனத் தீயணைப்பாளர்கள் கருதினர். அதிகாரிகளை எதிர்த்து நின்ற எளிய வீரர்களின் கதை என்பதும் இவர்களுக்கு நெருக்கமாக இருந்தது. விலையுயர்ந்த பட்டாடை உடுத்தக் கூடாது எனச் சட்டம் தடுத்த ஒரு வகுப்பினர், எவராலும் கழற்ற இயலாத ஓர் ஆடையை உடலிலேயே அணிந்துகொண்டனர் எனலாம்.

அரசு இதனை விரும்பவில்லை. அலங்காரப் பச்சைக்குத்துக்கு எதிராக 1811இலும் 1842இலும் ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. பெற்றோர் தந்த உடலைச் சிதைப்பது கன்பூசிய நெறிக்கு முரண் என்பதும், பச்சைக்குத்து குற்றவாளிகளின் அடையாளம் என்பதும் எதிர்ப்புக்கு அடிப்படையாக இருந்தன. ஆனால் ஆணைகள் வழக்கத்தை ஒழிக்கவில்லை.

இரு தொழில்களின் ஒற்றுமை

மரக்கட்டை அச்சும் பச்சைக்குத்தும் செய்முறையில் பல ஒற்றுமைகள் கொண்டவை. அச்சுத் தொழிலில் ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோடுகளால் படத்தை வரைவார். அத்தாள் செர்ரி மரப்பலகையின்மீது தலைகீழாக ஒட்டப்படும். செதுக்குபவர் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு ஏனைய பகுதியை உளியால் நீக்குவார். இதில் ஓவியரின் மூலப்படம் அழிந்துவிடும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கட்டை செதுக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படும்.

பச்சை குத்துபவரும் முதலில் கறுப்புப் புறக்கோட்டை முடித்து, அதன் பின்னரே நிழலையும் வண்ணத்தையும் சேர்ப்பார். மூங்கில் கோலின் முனையில் கட்டப்பட்ட ஊசித் தொகுதி அவரது கருவி. எழுதவும் அச்சிடவும் பயன்பட்ட சுமி என்னும் கரிமையே தோலிலும் செலுத்தப்பட்டது. கட்டை செதுக்குபவர், பச்சை குத்துபவர் ஆகிய இருவருக்கும் ஹொரிஷி என்னும் ஒரே சொல் வழங்கியது. அடர்வண்ணம் படிப்படியாக மங்கும் உத்திக்கும் இரு தொழில்களிலும் பொக்கஷி என்பதே பெயர். கட்டை செதுக்குவோர் சிலர் பச்சை குத்துதலையும் மேற்கொண்டதாகக் கூறப்படுகிறது.

கடையில் மலிவாகக் கிடைத்த குனியோஷியின் தாளை வாடிக்கையாளர் வாங்கி வர, அதைப் பார்த்துப் பச்சை குத்துபவர் வேலை செய்ய இயன்றது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சுக்கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கான படிகள் எடுக்கலாம். தோலில் குத்திய படத்துக்கு ஒரே படிதான் உண்டு. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் வலியும் தேவைப்பட்டன. அந்த மனிதருடன் அதுவும் மறைந்தது. குனியோஷியின் படங்களைத் தாங்கிய அந்த எடோ உடல்களைப் பற்றி நாம் பெரும்பாலும் அக்கால அச்சு ஓவியங்கள் வாயிலாகவே அறிகிறோம்.

பிற படைப்புகள்

1830களின் தொடக்கத்தில் குனியோஷி நிலக்காட்சிகள் வரைந்தார். ஐரோப்பியச் செப்புத்தகட்டுப் படங்களைச் சேகரித்து, அவற்றின் ஒளிநிழல் முறையையும் தொலைவுக் காட்சி முறையையும் கற்றுக்கொண்டார். 1831ஐ ஒட்டி வரைந்த சுமிதா ஆற்றுக் காட்சி ஒன்றில், தொலைவில் மிக உயர்ந்த கோபுரம் போன்ற ஓர் அமைப்பு காணப்படுகிறது. 2012இல் திறக்கப்பட்ட 634 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தை அது ஒத்திருப்பதாக 2011இல் ஜப்பானிய இதழ்களில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அது கிணறு தோண்டுவோர் அமைத்த சாரமாக இருக்கலாம் என்பது பொதுவான விளக்கம்.

பௌத்தத் துறவி நிச்சிரென்னின் வாழ்க்கையை 10 படங்களில் சித்தரித்த வரிசை 1835ஐ ஒட்டி வெளிவந்தது. அதில், பனி மூடிய சாதோ தீவில் துறவி தனித்து மலையேறும் காட்சி இவரது மிகச் சிறந்த நிலக்காட்சியாகக் கருதப்படுகிறது.

மூன்று தாள்களை அடுத்தடுத்து வைக்கும் முத்தாள் ஓவியங்கள் இவருக்கு முன்பும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளும் தனித்து நிற்குமாறு அமைப்பதே பழைய வழக்கம். குனியோஷி மூன்று தாள்களிலும் ஒரே பேருருவைப் பரப்பினார். 1844ஐ ஒட்டி வரைந்த சூனியக்காரி தக்கியாஷாவும் எலும்புக்கூடும் என்னும் படம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூலக்கதையில் பல சிறிய எலும்புக்கூடுகள் வருகின்றன. இவரோ அவற்றை ஒரே பேரெலும்புக்கூடாக மாற்றி, மூங்கில் தட்டியைக் கிழித்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்ப்பதாக வரைந்தார். விலா எலும்புகளும் மண்டையோடும் மேனாட்டு உடற்கூற்று நூல்களைக் கண்டவர் வரைந்தது போன்று துல்லியமாக உள்ளன. வாள்வீரர் மியாமொத்தோ முசாஷி திமிங்கிலத்தின் முதுகில் நிற்கும் படமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

குனியோஷி பூனைப் பிரியர். இவரது பணியிடம் பூனைகளால் நிறைந்திருந்ததாகவும், வரையும்போதே மடியில் பூனையை வைத்திருந்ததாகவும், இறந்த பூனைகளுக்கு வழிபாட்டுப் பலகை அமைத்திருந்ததாகவும் அறியப்படுகிறது. எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்கைதோ நெடுஞ்சாலையின் தங்கல்களைச் சொல்விளையாட்டின் மூலம் பூனைகளாக மாற்றி 1850ஐ ஒட்டி ஒரு முத்தாள் வரைந்தார். பல மனித உடல்களைப் பின்னி ஒரே முகமாக அமைத்த படங்களும் 1847ஐ ஒட்டி வெளிவந்தன.

தணிக்கையும் அங்கதமும்

1790 முதல் ஜப்பானில் அச்சிடப்படும் ஒவ்வொரு படமும் தணிக்கை முத்திரை பெற வேண்டியிருந்தது. 1841இல் தலைமை அமைச்சர் மிசுனோ ததாகுனி, ஆடம்பரத்தை ஒழிக்கும் நோக்கில் தெம்போ சீர்திருத்தங்களைத் தொடங்கினார். 1842இல் நடிகர்களின் படங்களும் பொதுமகளிரின் படங்களும் தடைசெய்யப்பட்டன. பதிப்பாளர்களின் வருவாயில் பெரும்பகுதி இதனால் அறுந்தது. அவ்வாண்டே பச்சைக்குத்துக்கு எதிரான ஆணையும் வந்தது.

1843இல் குனியோஷி, படுக்கையில் கிடக்கும் பழங்கால வீரர் ராய்க்கோவை நிலச்சிலந்தி பேய்களை ஏவித் துன்புறுத்தும் காட்சியை முத்தாளாக வரைந்தார். வெளித்தோற்றத்தில் இது பழங்கதைப் படமே. ஆனால் மக்கள் அதனை வேறு விதமாகப் படித்தனர். உறங்கும் வீரர் ஷோகன் இயேயோஷி என்றும், காவலர்களுள் ஒருவரின் ஆடையிலிருந்த குடும்பச் சின்னம் மிசுனோவுடையது என்றும், இருளில் திரளும் பேய்கள் சீர்திருத்தத்தால் பிழைப்பு இழந்த தொழிலாளர்கள் என்றும் ஊரெங்கும் பேச்சு எழுந்தது. எந்தப் பேய் எந்தத் தொழிலைக் குறிக்கிறது எனக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாகவே பரவியது. அச்சமுற்ற பதிப்பாளர் விற்பனையை நிறுத்திப் படங்களைத் திரும்பப் பெற்றதாகக் கூறப்படுகிறது. குனியோஷி இப்படத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை. படத்தில் தடைசெய்யப்பட்ட எதுவும் வெளிப்படையாக இல்லை. மிசுனோ அவ்வாண்டிலேயே பதவி இழந்தார்.

இதன் பின்னர் நடிகர்களைப் பூனைகளாகவும், சுவரில் சிறுவர்கள் கிறுக்கிய கிறுக்கல்களாகவும் வரைந்து தடையைக் கடந்தார். நடிகரின் பெயர் இராது. முகச்சாயல் மட்டும் இருக்கும். பார்ப்பவர் தாமே அறிந்துகொள்வார்.

1853ஆம் ஆண்டு நிகழ்ச்சி

1853இல் வெளியான ஒரு நகர வழிகாட்டி நூல், முகச்சாயலுக்குத் தொயோகுனி (அப்பெயரை ஏற்றிருந்த குனிசதா), போர்வீரருக்குக் குனியோஷி, புகழ்பெற்ற இடங்களுக்கு ஹிரோஷிகே என மூவரையும் ஒருங்கே மதிப்பிட்டது. முன்பு பாய் செப்பனிட்டு வாழ்ந்தவர் இப்போது தம் குழுவின் மூத்த மாணவருக்கு இணையாக எண்ணப்பட்டார்.

அதே ஆண்டில் யனகிபாஷியில் ஓர் உணவு விடுதியில் நடந்த ஓவியக் கூட்டத்தில், ஏறத்தாழ 30 தத்தாமி பாய் அளவுள்ள பெருந்தாளில் பலர் முன்னிலையில் படம் வரைந்தார். தேர்ந்தெடுத்த உருவம் ஒன்பது நாகங்களைப் பச்சை குத்திய ஷிஷின். இறுதியில் தாம் அணிந்திருந்த மேலாடையைக் களைந்து மையில் தோய்த்து, அதனையே தூரிகையாகக் கொண்டு படத்தை முடித்ததாக அறியப்படுகிறது. தமக்கு வாழ்வளித்த வரிசை வெளிவந்து 26 ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வீரரையே தம் அடையாளமாக இவர் கருதினார் என்பதை இது காட்டுகிறது.

குனியோஷி தம்மைத் தாமே வரைந்த படங்களில் முகத்தைக் காட்டுவதில்லை. முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார். அல்லது ஏதேனும் ஒரு பொருள் முகத்தை மறைக்கும். அருகில் பூனைகள் இருக்கும். மறைவுக்குப் பின் 1861இல் மாணவர் யோஷிஇக்கு வரைந்த நினைவுப் படத்திலேயே இவரது முகத்தைக் காண முடிகிறது.

இறுதிக் காலம்

குனியோஷி அச்சுக்காக மட்டுமன்றி நேரடியாகவும் ஓவியங்கள் தீட்டியுள்ளார். அவற்றுள் குறிப்பிடத்தக்கது, 1855இல் அசக்குசாவிலுள்ள சென்சோ-ஜி கோயிலுக்குக் காணிக்கையாக வரையப்பட்ட பெரும் பலகை ஓவியம். வழிப்போக்கர்களைக் கொன்றுவந்த ஒரு முதியவளின் பழங்கதையை அது சித்தரிக்கிறது.

1856ஆம் ஆண்டளவில் இவரை வாதநோய் தாக்கியது. கைகால்களை எளிதில் அசைக்க இயலவில்லை. இதன் பின் வந்த படங்களில் கோடுகளின் உறுதி குறைந்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். 1859இல் யொக்கொஹாமா துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டதைக் கண்டு, 1860இல் அங்கிருந்த மேனாட்டாரையும் வரைந்தார். ஏப்ரல் 14, 1861இல் 63ஆம் வயதில் எடோவில் காலமானார். இவரது கல்லறை இன்று டோக்கியோவின் கொதாய்ரா பகுதியிலுள்ள தாய்சென்-ஜி கோயிலில் உள்ளது. மாணவர்கள் 1873இல் எழுப்பிய நினைவுக்கல் டோக்கியோவின் மிமெகுரி ஷிண்டோ ஆலயத்தில் காணப்படுகிறது.

மாணவர்கள்

குனியோஷியிடம் பலர் பயின்றனர். அவர்களுள் சுக்கியொக்கா யோஷிதோஷி (1839–1892) அச்சு ஓவிய மரபின் கடைசி மேதை எனப் போற்றப்படுகிறார். கவனபே கியோசாய் (1831–1889) சிறுவயதில் சில காலம் இவரிடம் பயின்றார். யோஷித்சுயா (1822–1866) போர்வீரர் படங்களுடன் பச்சைக்குத்துக்கான மாதிரிப் படங்கள் வரைவதிலும் பெயர் பெற்றவர். குனியோஷியின் இரு மகள்களும் ஓவியம் பயின்று தந்தையுடன் பணியாற்றினர். யோஷிதோஷியின் மாணவர் தொஷிகதா, அவரது மாணவர் கியொகதா, அவரது மாணவர் இத்தோ ஷின்சுய் என இப்பரம்பரை 20ஆம் நூற்றாண்டுவரை தொடர்ந்தது.

மறைவுக்குப் பின்

1862இல் கவதாகே மொக்குவாமி எழுதிய கபுகி நாடகத்தில், பெண் வேடமிட்ட திருடன் தன் தோளை வெளிப்படுத்திப் பச்சைக்குத்தைக் காட்டும் காட்சி இடம்பெற்றது. குனியோஷியின் வரிசையால் பரவிய வழக்கம் அவர் இறந்த மறு ஆண்டே மேடை ஏறிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

1868இல் அமைந்த மெய்ஜி அரசு, மேனாட்டார் தம் நாட்டை நாகரிகமற்றதாகக் கருதக்கூடும் என அஞ்சியது. 1870இல் பச்சைக்குத்துத் தண்டனை நீக்கப்பட்டது. 1872இல் அலங்காரப் பச்சைக்குத்து முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஆனால் மேனாட்டார் அதனை விரும்பி நாடி வந்தனர். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான பிரித்தானிய இளவரசர், 1881இல் ஜப்பான் சென்றபோது கையில் நாகத்தைப் பச்சை குத்திக்கொண்டார். தடை 1948இல் நீங்கியது. பச்சை குத்துதல் மருத்துவச் செயல் அன்று என்றும், அதற்கு மருத்துவர் உரிமம் தேவையில்லை என்றும் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2020இல் முடிவு செய்தது. எனினும் குற்றக் கும்பல்களுடன் தொடர்புபடுத்திப் பார்க்கும் வழக்கத்தால், பொதுக் குளியலிடங்கள் பலவற்றில் பச்சைக்குத்து உடையோருக்கு அனுமதி மறுக்கப்படுவது உண்டு.

ஓவிய உலகில் குனியோஷியின் மதிப்பு மெல்லவே உயர்ந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் சேகரிப்பில் இவரது படங்கள் இருந்தன. ஆயினும் நெடுங்காலம் ஹொக்குசாய், ஹிரோஷிகே ஆகியோருக்கு அடுத்த நிலையிலேயே இவர் வைக்கப்பட்டார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. 2009இல் இலண்டன் அரச கலைக்கழகத்தில் இவரது படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெற்றது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இவரது அச்சு ஓவியங்கள் பெருந்தொகையாக உள்ளன.

அருங்காட்சியகங்கள் இவரை ஏற்றுக்கொள்ளுமுன்பே பச்சை குத்துவோர் ஏற்றுக்கொண்டிருந்தனர். யொக்கொஹாமாவைச் சேர்ந்த பச்சைக்குத்துக் கலைஞர் மூன்றாம் ஹொரியோஷி, சுய்கோடென் வீரர்கள் 108 பேரையும் தம் பாணியில் வரைந்து நூலாக வெளியிட்டுள்ளார். குனியோஷி முடிக்காமல் விட்ட வரிசையைத் தாளில் நிறைவு செய்ய முன்வந்தவர் தோலில் வரையும் கலைஞர் ஒருவர் என்பது இவ்விரு கலைகளுக்கும் இடையிலான நெருக்கத்தைக் காட்டுகிறது.